கண்டோர் கூற்று
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



குறுந்தொகையின் 7ஆம் பாட்டைப் பாடியவர் பெரும்பதுமனார். மூங்கில் அடர்ந்த பாலைவழியில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் போய்க்கொண்டிருக்கின்றனர். வழிப்போக்கர் சிலர் அவர்களைக் காண்கின்றனர். ஆனால், அவர்களின் பார்வை முகத்தில் விழவில்லை; காலில் விழுகிறது. வில்லேந்திய அவனுடைய காலில் வீரக்கழல் இருக்கிறது. வளையணிந்த அவளுடைய மெல்லிய அடிகளில் சிலம்பு கிடக்கிறது. திருமணத்துக்கு முன்னர்ச் சிலம்பைக் கழற்றும் நோன்பு அக்கால வழக்கம். எனவே அவளுக்கு இன்னும் மணம் ஆகவில்லை. பெற்றோர் அறியாமல் அவனுடன் புறப்பட்டு வந்திருக்கிறாள். ஒரு சிலம்பைக் கொண்டு இவ்வளவையும் உணர்ந்துகொண்ட வழிப்போக்கர், அதற்கு மேல் ஒன்றும் முடிவு கட்டவில்லை. யாரோ இந்த நல்லவர்கள், இரங்கத்தக்கவர்கள் என்று தமக்குள் சொல்லிக்கொள்கின்றனர். கயிற்றின்மேல் ஆடும் கூத்தருக்குக் கொட்டும் பறையைப் போல, காற்று மோதி வாகையின் காய்ந்த நெற்றுகள் ஒலிக்கின்றன. பாட்டு முடிந்துவிடுகிறது. அவர்கள் யார் என்பதற்கு விடை இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தனரா என்பதற்கும் விடை இல்லை.

வழியில் கண்டவர் பேசும் இப்பேச்சுக்குக் கண்டோர் கூற்று என்று பெயர். தலைவன், தலைவி, தோழி, செவிலி முதலியோர்க்கு இடம் வகுத்த தொல்காப்பியர், யாரோ எவரோ ஆகிய வழிப்போக்கருக்கும் அகத்திணையியலில் ஓர் இடம் வகுத்தார். இருவருக்கு மட்டுமே உரிய காதல் நாடகத்தில், ஒருமுறை எதிர்ப்பட்டு மறுமுறை காணப்போகாத ஒருவருக்கும் பேச உரிமை உண்டென்று இலக்கணமே சொல்வது எண்ணி எண்ணி வியத்தற்குரியது. கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, அந்த வழிப்போக்கரை முக்கோல் ஏந்திய துறவியராக நிறுத்துகிறார். ஓடிப்போன மகளைத் தேடிவரும் செவிலி அவர்களிடம் வினவுகிறாள். கண்டதை அவர்கள் மறைக்கவில்லை. ஆயினும் இளையோர் இருவரையும் வழியில் தடுத்து நிறுத்தவும் இல்லை. மலையிலே பிறந்தாலும் சந்தனம் பூசிக்கொள்பவருக்கே பயன்படும், கடலிலே பிறந்தாலும் முத்து அணிந்துகொள்பவருக்கே பயன்படும் என்று எடுத்துச் சொல்லித் தாயின் நெஞ்சைத் தேற்றுகின்றனர்.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. அகப்பாட்டில் ஒருவரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது அது. நெடுநல்வாடையில் அரசன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது என்று நக்கீரர் பாடிவிட்டார். வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டதால் அப்பாட்டு அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பை இன்றும் ஏற்காதவர் உண்டு. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பெயர் தெரிந்த அளவிலே ஒரு முகம் வேறு திணைக்குப் போய்விடுகிறது என்று பழந்தமிழர் கருதினர் என்பதே இங்கு வேண்டப்படுவது. பெயர் தெரியாத வரையில்தான் அம்முகத்தில் எவர் வாழ்வும் பொருந்தக்கூடும்.

சென்னைக்கு மேற்கே இன்று அந்தப் பாலைவழியாக இருப்பது இருப்புப்பாதை. 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னாட்டின் முதல் பயணிகள் தொடர்வண்டி இவ்வழியேதான் சென்றது. ஏரியும் கழனியுமாக இருந்த ஊர்கள் நூறாண்டு கழித்து உருமாறின. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1965இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. அதற்கும் முன்னரே அவ்வூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்துவிட்டது. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், பிற மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி மக்கள் வந்து குடியேறினர். அடுத்த வீட்டுக்காரரின் பாட்டன் பெயரையும் அறிந்திருந்த கிராமத்து மனிதர், கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் அன்னனூரிலும் நடைமேடைக்கு வந்து ஒருவரை ஒருவர் அறியாமல் தோளோடு தோள் நின்றனர். அயலார் முகம் என்பது இப்பகுதியினர்க்கு அன்றாட உணவு போல ஆனது அப்போதுதான்.

முதல் ஷிப்டுக்குச் செல்லும் வண்டியில் முகங்களைப் படிப்பது எளிதன்று. பாதி முகங்கள் உறங்கிக்கொண்டிருக்கும். படிக்கக் கிடைப்பவை கைகள். லேத்தில் நிற்பவரின் நகக்கண்ணில் படிந்த கறுப்பு எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை. வெல்டிங் செய்பவரின் முழங்கையில் பொறி தெறித்த சிறு வடுக்கள் இருக்கும். பவர் பிரஸ்ஸில் விரல்நுனி இழந்தவர் அந்தக் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும் உண்டு. லேடீஸ் பெட்டியில் ஒருவர் கீரை ஆய்கிறார். ஒருவர் மடியில் கொட்டிய மல்லிகையைச் சரமாக்குகிறார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பெண் கண்ணை மூடி எதையோ முணுமுணுக்கிறார். பாட்டில் வரும் கழலும் சிலம்பும் போல இவை ஓரளவு சொல்லும். தொழிலைச் சொல்லும், மணமானதைச் சொல்லும், சில வேளை ஊரையும் சொல்லும். ஆனால் ஒற்றையாளாகப் போகிறவர் இரண்டு டிபன் கேரியர்களைக் கொண்டுபோகிறாரே, மற்றொன்று யாருக்கு? அதனை எந்த அடையாளமும் சொல்லாது.

அகத்தில் உள்ளதை முகம் காட்டும் என்று வள்ளுவர் சொல்லவில்லையா எனச் சிலர் கேட்கக்கூடும். சொல்லியிருக்கிறார். குறிப்பறிதல் என்னும் பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் இன்பத்துப்பாலில் ஓர் அதிகாரமும் உள்ளன. முகத்தைவிட அறிவு முதிர்ந்தது வேறில்லை என்னும் அளவுக்கு அவர் போகிறார். ஆனால், அவர் சொல்லும் முகம் காட்டுவது எதனை என்று நோக்க வேண்டும். உவப்பையும் வெறுப்பையும் காட்டும். விருப்பத்தையும் சினத்தையும் காட்டும். அந்த நேரத்து உள்ளத்தைக் காட்டுமேயன்றி, இருபது ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததை முகம் காட்டுமென்று குறளில் எங்கும் இல்லை. மேலும் பொருட்பாலில் குறிப்பறிபவர் அரசவையில் இருப்பவர். இன்பத்துப்பாலில் குறிப்பறிபவர் காதலர். இரு திறத்தாரும் நாள்தோறும் அதே முகத்தோடு பழகுகிறவர்கள். தொடர்வண்டியில் அம்பத்தூரிலிருந்து பெரம்பூர் வரை எதிரே அமர்ந்தவருக்கு அந்தக் குறளை எடுத்துக்காட்டுவது பொருந்தாது.

பொருந்தாததைப் பொருத்தினால் என்ன நேரும் என்பதைத் தமிழகம் அண்மைக்காலத்தில் கண்டது. 2018 மே மாதம். குழந்தைகளைக் கடத்தும் வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் புகுந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பொய்ச்செய்தி பரவியிருந்த நேரம். சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் தங்கள் குலதெய்வத்தைக் கும்பிடுவதற்காகப் போளூர் வட்டாரத்துக்குக் காரில் சென்றது. வழி கேட்பதற்காக நிறுத்தினர். உடன் சென்ற மூதாட்டிக்கு வயது 65. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவர் சாக்லெட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று முடிவு கட்டி, ஊர் திரண்டு அடித்தது. மூதாட்டி இறந்தார், உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே வாரத்தில், அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவையாக எண்ணப்பட்டு வந்தனவோ அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டில் ஓர் ஆடவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அவர் மனநலம் குன்றியவர் என்று பின்னர்த் தெரிந்தது.

பேத்தி வயதுப் பிள்ளைகளைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுப்பது இந்நாட்டுப் பாட்டிமார் எல்லோருக்கும் இயல்பு. அந்தக் கையைக் கண்டவர்கள் அதனைப் படித்தார்கள். படித்ததோடு நில்லாமல் கதையை முடித்தும் வைத்தார்கள். அவர்களும் கண்டோர்தாம். வழியில் எதிர்ப்பட்ட அறியாத ஒருவரைப் பார்த்து, யார் இவர் என்று வினவியவர்கள்தாம். பெரும்பதுமனாரின் வழிப்போக்கருக்கும் இவர்களுக்கும் உள்ள வேற்றுமை கற்பனையின் குறைவு என்று கொள்ள முடியவில்லை. இவர்களுக்குக் கற்பனை நிரம்ப இருந்தது. வினாவோடு நிற்கும் பொறுமைதான் இல்லை. அளி என்று பழம்பாட்டு சொல்லும் அந்த இரக்கமும் இல்லை.

2023 மார்ச்சில் இது வேறு வகையில் நிகழ்ந்தது. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகவும் கொல்லப்படுவதாகவும் காணொளிகள் பரவின. எங்கோ, எதற்கோ நடந்த அடிதடிக் காட்சிகளை எடுத்து, அதில் விழுந்து கிடப்பவர் இன்னார், அடிப்பவர் இன்னார் என்று பொய்யான கதை கட்டப்பட்டிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. செய்தி பொய்யென்று இரு மாநிலத்தாரும் அறிவதற்குள் அச்சத்தால் ஊர் திரும்பியவர் பலர். தொழிற்பேட்டைப் பகுதிகளில் அந்நாள்களில் நடமாடிய வடமாநிலத்து இளைஞரின் முகங்களில் அச்சம் இருந்ததை எவரும் படித்திருக்கலாம். வள்ளுவர் சொன்னது அதைத்தான். ஆனால் அம்முகங்களுக்கு உரியவர்களை அம்பத்தூரின் தேநீர்க்கடைகளில் இன்றுவரை ஒரே சொல்லால் குறிக்கின்றனர்: வடக்கத்தியான். ஒடிசாவின் கடற்கரையிலிருந்து வந்தவனும் ஜார்க்கண்டின் காட்டிலிருந்து வந்தவனும் அச்சொல்லுக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். அகப்பாட்டில் பெயர் மறைத்தது முகத்தைப் பொதுவாக்குவதற்கு. இங்குப் பெயர் மறைவது முகத்தையே இல்லாததாக்குவதற்கு. மும்பையின் மில்களிலும் மலேயாவின் தோட்டங்களிலும் தமிழர் இப்படி ஒற்றைச் சொல்லால் அழைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

இனி, இந்த அவைக்கு நெருக்கமான செய்தி. கவிஞர்கள் எவரையும் அடிப்பதில்லை, பொய்ச்செய்தி பரப்புவதில்லை. ஆயினும் புறநகர் வண்டியைப் பாடும் கவிதைகளில் அயலார் முகம் படும் பாட்டைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பூக்காரப் பெண் வந்தால் அவள் விதவையாகவோ கைவிடப்பட்டவளாகவோ இருக்கிறாள். தன் தலையில் பூ இல்லாதவள் ஊருக்குப் பூ விற்கிறாள் என்று கவிதை முடிகிறது. தொழிலாளி வந்தால் வியர்வை முத்தாகிறது. முதியவர் வந்தால் மகன் அவரைத் துரத்திவிட்டிருக்கிறான். இவற்றில் பொய் இல்லை, அத்தகையோர் உண்டு. ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு துயரத்தை வரவு வைத்தால்தான் அது கவிதைக்கு உரியதாகும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? பூக்காரப் பெண் அன்று காலை தங்கையோடு வழக்குப் பேசி வென்றிருக்கலாம். சீட்டு எடுத்த மகிழ்ச்சியில் இருக்கலாம். பூ விலை எகிறியதால் நல்ல வரும்படியே வந்திருக்கலாம். அவளுடைய கண்ணீரை அவள் சிந்துவதற்கு முன்பே கவிஞர் சிந்திவிடுவது, இரக்கத்தின் பெயரால் நடக்கும் ஒரு வகை அவசரம்.

இவ்வவசரத்துக்கு மிகுதியும் இலக்காகின்றவர்கள் பார்வையற்ற வணிகர்கள். பூந்தமல்லி, திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் என்பது வைணவ உலகம் அறிந்தது. பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளியும் அவ்வூரில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. பார்வையற்றோர் பலர் புறநகர் வண்டிகளில் கடலைமிட்டாய், பேனா, அட்டைகளுக்கான உறை முதலியவற்றை விற்று வாழ்கின்றனர். எதிரில் இருப்பவர் திருப்பிப் பார்ப்பாரோ என்னும் கூச்சத்தால்தான் பிறர் முகத்தை எவரும் நெடுநேரம் நோக்குவதில்லை. இவர்கள் வரும்போது அக்கூச்சம் நீங்கிவிடுகிறது. பெட்டி முழுதும் இவர்களின் முகத்தை அச்சமின்றி உற்று நோக்குகிறது. நோக்கிய பின், இருள் என்றும் ஒளியிழந்த விழி என்றும் கவிதை பிறக்கிறது. அவர்களோ அந்த நேரத்தில் வேறு பணியில் இருக்கிறார்கள். குரலையும் அடியோசையையும் கொண்டு ஆளை அறிகிறார்கள். நேற்றுப் பத்து ரூபாய் பாக்கி வைத்தவர் இருமும் இருமலைக் கேட்டே பெட்டியில் அவர் இருக்கும் இடத்தை உணர்கிறார்கள். தாளின் அளவைத் தடவித் தொகையை அறிந்துவந்த விரல்களுக்கு, 2016 நவம்பருக்குப் பின் வந்த சிறிய நோட்டுகள் பெரும் தொல்லையாயின. பழகிய கணக்கை விரல்கள் மறந்து வேறு கணக்கைக் கற்க வேண்டியிருந்தது. ஒரு முகத்தையும் காணாமல் நூறு அயலாரை அறிந்து வைத்திருக்கும் இவர்களின் கூற்று கவிதையில் இன்னும் வரவில்லை. இருளைப் பாடுகிறவர்கள் அந்த நோட்டைப் பற்றி ஒருமுறை கேட்டிருக்கலாம்.

அதே வண்டியில் ஆவடியைக் கடந்து, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று போனால் திருநின்றவூர் வரும். அயலார் முகம் பற்றித் தமிழில் சொல்லப்பட்ட மிகப் பெரிய கதை அவ்வூரில் நிகழ்ந்தது. அதைச் சொன்னவரும் தொலைவில் பிறந்தவரல்லர். பூந்தமல்லிக்கு அருகே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார்.

பூசலார் சிவனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார். பொருள் தேடினார், கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள் கட்டத் தொடங்கினார். இதனைக் கேட்பவர் ஒரு நொடியில் முடியும் வேலை என்று எண்ணக்கூடும். சேக்கிழார் அப்படி விடவில்லை. பூசலார் மனத்துக்குள் பொருள் சேர்க்கிறார், தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இடுகிறார். இரவிலும் உறங்காமல் வேலை நடக்கிறது. சிகரம் எழுகிறது, சுதை பூசப்படுகிறது, கிணறு வெட்டப்படுகிறது, மதில் வளர்கிறது, குளம் தோண்டப்படுகிறது. நெடுநாள் நடந்த வேலை அது. அத்தனை நாளும் அவர் அதே தெருவில் நடந்திருப்பார்; எதிர்வந்தவரோடு இரண்டு சொல் பேசியிருப்பார். கண்ணில் உறக்கமின்மை தெரிந்திருக்கும். ஊரார் அதற்கு ஏதேனும் ஒரு காரணத்தைத் தமக்குள் வைத்திருக்கவும் கூடும்.

காஞ்சியில் கல்லால் கோயில் எடுத்த காடவர் கோமான், குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அந்நாளில் நின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலில் புகுகிறோம், உன் நாளைத் தள்ளி வை என்று இறைவன் கனவில் சொன்னான். மன்னன் திருநின்றவூருக்கு வந்து, பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்றனர் ஊரார். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாள்தோறும் கண்ட முகத்துக்குப் பின்னால் மதிலும் குளமுமாக ஒரு கோயில் நிற்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்? பூசலார் யார் என்று மன்னன் கேட்க, அவரை அறிந்திருந்தார்கள். பழுதற்ற அந்தணர் என்றார்கள். ஆளைத் தெரியும், கோயிலைத் தெரியாது.

இக்கதையில் மன்னன் செய்த செயல் ஒன்று கருதத்தக்கது. கோயில் இல்லை என்று ஊரே சொன்ன பின்பு அவன் திரும்பிப் போயிருக்கலாம்; அல்லது அவரைத் தன்னிடம் வரவழைத்திருக்கலாம். அவன் தானே பூசலாரிடம் சென்று கேட்டான். கேட்ட பின்புதான் பூசலார் தம் கோயிலைப் பற்றி வாய் திறந்தார். அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மன்னன் அவரை நிலமுற வணங்கித் தன் நகருக்குத் திரும்பினான். பூசலார் குறித்த நாளில் தம் கோயிலில் இறைவனை எழுந்தருளுவித்துப் பூசனை செய்துவந்தார். மன்னன் போன மறுநாள் காலையில், அதே தெருவில் அவர் எதிர்ப்பட்டபோது ஊரார் அவர் முகத்தை எப்படி நோக்கினர் என்பதைச் சேக்கிழார் சொல்லாமல் விட்டிருக்கிறார்.